களி: பொருளும் வழக்கும்

ஒரு பொருள் உலகத்தில் இருக்க வேண்டுமென்றால், அது இருந்தால் மட்டும் போதாது; அதற்கு முறையாக ஒப்புதல் பெற்ற பெயர் ஒன்று வேண்டும். பெயர் இல்லாத இடி விழாது. பெயர் இல்லாத பாம்பு கடிக்காது. கடித்தாலும் அந்தக் கடி செல்லாது. மனிதகுலம் இத்தனை காலம் உணராமல் வாழ்ந்துவிட்ட இந்தப் பேருண்மையைக் கண்டறிந்து, விதியாக வடித்து, கோப்பில் கோத்துவைத்த பெருமை கலைச்சொல் ஆணையத்தையே சாரும்.

அந்த ஆணையத்தின் தலைவரை எல்லோரும் 'அகராதியார்' என்றார்கள். கையில் எப்போதும் அகராதி இருந்ததால் 'அகராதி பிடித்தவர்' என்று நண்பர்கள் சொன்னார்கள். 'அகராதி பிடித்தவர்' என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்பும் சொன்னது ஒரே சொற்களைத்தான் என்பதால் அவர் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஆணையத்தின் ஏழாம் விதியை எழுதியவர் அவர்தான். 'ஒப்புதல் பெறாத அயற்சொல் ஒன்றேனும் உள்ள ஆவணம், அச்சொல்லுக்குத் தக்க தமிழ்ச்சொல் அமையும்வரை, நடவடிக்கைக்கு எடுத்துக்கொள்ளப்படாது.' விதி வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவிடுக்கு வழியாக ஒரு விண்ணப்பம் நீட்டினார். அதில் 'லிஃப்ட்' என்று இருந்ததால் வந்த வழியே திரும்பிப் போனது. உள்ளேயிருந்தபடியே 'மின்தூக்கி' என்று திருத்தி எழுதித் தந்த பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். தமிழ் வளர்ந்தது. உள்ளே இருந்தவருக்குத் தாடியும் கொஞ்சம் வளர்ந்தது.

இத்தகைய ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. துணிக்கடை ஒன்றின் மாடியில் இரண்டே அறைகள். கீழே தள்ளுபடி விற்பனை நடக்கும் நாட்களில், ஒலிபெருக்கி இரைச்சலில், 'வேற்றுமை உருபு' என்று சொன்னது கூட்டக் குறிப்பில் 'வேறு உருப்படி' என்று ஏறிவிடும். அகராதியாருக்கு ஓய்வுபெறும் முன் இரண்டு ஆசைகள் மிச்சமிருந்தன. ஆணையத்துக்கு ஒரு மாளிகை. மொழிக்குத் தன் சொல் ஒன்று. ஆயிரக்கணக்கான சொற்களை அவர் திருத்தியிருக்கிறார், தள்ளியிருக்கிறார், ஒப்புதல் தந்திருக்கிறார். அவரே பெற்ற சொல் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பல் விளக்கிவிட்டு வீடு திரும்புகிறவரைப் போல மாலையில் அவர் வெறுங்கையோடு போவார்.

மாளிகைக்கு நிலம் கிடைத்தது. ஊர் முடிகிற இடத்தில், மலிவாக. ஏன் மலிவு என்று கேட்பது பண்பாடு அல்ல என்பதால் யாரும் கேட்கவில்லை. நல்ல கோடையில் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். கறுத்த மண் காய்ந்து, வாய் பிளந்து கிடந்தது. ஒப்பந்தக்காரர் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டி, யானையையே நிறுத்தலாம், பாறை என்றார். இலக்கணப் பேராசிரியர் மிதித்துப் பார்த்தார். கவிஞர் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார். பிறகு அது பாறைதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஆனாலும் சட்டப்படி மண் ஆய்வு அறிக்கை ஒன்று வேண்டியிருந்தது. மண் ஆய்வுத் துறையில் அந்த வேலைக்கு அமர்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, அகராதியாரின் மருமகள். மகன் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். மீதி மூன்று பேரும் ஒரே சாப்பாட்டு மேசையில். மருமகள் வேலையில் ஒளிவு மறைவு தெரியாதவள். நிலத்தில் துளை போட்டு, மண் எடுத்து, சோதித்து, அறிக்கை எழுதினாள். அதில் ஒரு வரி: 'இம்மண்ணில் ஸ்மெக்டைட் மிகுந்துள்ளது.'

ஆணையத்தின் செயலாளர் அந்த வரியைப் படித்தார். அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஏழாம் விதிப்படி அறிக்கை 'மதிப்புடன் நிறுத்திவைக்கப்பட்டது'. சொல்லின் பொருளை விளக்க மருமகள் குழுவின் முன் அழைக்கப்பட்டாள்.

அவள் நின்றபடியே சொன்னாள். "இது ஒரே கனிமம் இல்லைங்க, ஒரு குடும்பம். களிமண்ணுல இருக்கிற கனிமங்கள். தாள் தாளா அடுக்கின மாதிரி இருக்கும். தாளுக்கு நடுவுல தண்ணி புகுந்தா உப்பும். காஞ்சா சுருங்கும். மேல கட்டடம் இருந்தா அதையும் தூக்கும், இறக்கும். சாதாரண அஸ்திவாரம் தாங்காது. ஈரம் மாறாத ஆழம் வரைக்கும் தூண் இறக்கணும்."

விஷயத்தின் கனம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

"அஸ்திவாரம் வடசொல்," என்றார் பேராசிரியர். "அடித்தளம் என்க."

"சரிங்க. அடித்தளம் போயிடும்," என்றாள் மருமகள்.

அடுத்து, குடும்பம் என்றால் குடும்பத் தலைவர் யார் என்று பேராசிரியர் கேட்டார். தலைவர் என்று யாருமில்லை, முன்பெல்லாம் அந்தக் குடும்பம் முழுவதையும் அதில் ஒரு கனிமத்தின் பெயராலேயே அழைத்தார்கள், அதனால் தனிப் பெயரா குடும்பப் பெயரா என்று குழப்பம் வந்தது, பிறகுதான் ஸ்மெக்டைட் என்ற சொல் குடும்பத்துக்கு நிலைத்தது என்று அவள் விளக்கினாள். ஒரு குழு முழுவதற்கும் அதன் உறுப்பினர் ஒருவர் பெயரையே வைப்பது எவ்வளவு நல்ல மரபு, அதைப் போய் ஏன் மாற்றினார்கள் என்று அகராதியார் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அது உப்பும்போது என்ன உணர்கிறது என்று கவிஞர் கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு அறிவியல் இன்னும் விடை காணவில்லை.

பிறகு வேட்டை தொடங்கியது. உப்புகிற மண் ஆகையால் 'உப்புமண்' என்று பேராசிரியர் முன்மொழிந்தார். உப்புக் கரிக்கும் மண் என்று மக்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று செயலாளர் ஐயம் எழுப்பினார். உடனே மண்ணை நாவில் வைத்துப் பார்க்க ஒரு துணைக்குழு அமைந்தது. 'உவர்ப்பு இல்லை, சற்று வழவழப்பு' என்று துணைக்குழு இடைக்கால அறிக்கை தந்து, வாய் கொப்பளிக்க நிதி கோரியது. 'வீங்குமண்' என்றார் கவிஞர். அரசு ஆவணத்தில் வீக்கம் என்று வந்தால் விலைவாசியைத்தான் சொல்கிறோம் என்று எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும் என்பதால் அதுவும் விழுந்தது. பழங்காலத்துக் கிரேக்கர்கள் துணியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க இத்தகைய மண்ணைப் பயன்படுத்தினார்கள், பெயரே அதிலிருந்து வந்ததுதான் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அப்படியானால் 'அழுக்ககற்றி' எனலாமே என்று ஒருவர் துள்ளினார். அந்தச் சொல் ஏற்கெனவே சோப்புக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. சோப்போடு பேச்சுவார்த்தை நடத்த வழியில்லை.

இந்த அறிவுப் பணிக்கு உறுதுணையாக நின்றவர் ஒப்பந்தக்காரர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேநீர், பிஸ்கட், முந்திரிப்பருப்பு எல்லாம் அவர் செலவு. விவாதம் முடிவை நெருங்குகிற மாதிரி தெரிந்தால் அவர் முகம் வாடிவிடும். அவ்வளவு மொழிப்பற்று.

"அவசரப்படாதீங்க ஐயா," என்பார். "தமிழ் எங்க ஓடியா போகுது? நின்னு நிதானமா வைங்க."

இடையில் அவர் செயலாளரிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டார். அறிக்கை நிறுத்திவைப்பில் இருக்கும்போது வழக்கமான அடித்தளம் போடலாமா, ஆட்சேபம் ஏதும் உண்டா? நடவடிக்கைக்கு எடுக்கப்படாத அறிக்கையில் உள்ள ஆட்சேபம் ஆட்சேபம் ஆகாது என்று செயலாளர் விளக்கம் தந்தார். மறுநாளே வேலை தொடங்கியது. கோடை முடிவதற்குள் சுவர் எழும்பி, கூரை ஏறி, வாசலில் தேக்கு மரத்தில் செதுக்கிய பெரிய கதவும் நின்றது. நாட்டில் ஒரு சொல் பிறப்பதைவிட ஒரு கட்டடம் விரைவாகப் பிறந்தது அதுவே முதல் முறை.

வீட்டில் நிலைமை அவ்வளவு சுமுகமாக இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மருமகள் தினமும் அதையே எடுப்பாள்.

"மாமா, பேர் அப்புறம் வைக்கலாம். மழை வந்தா மண்ணு காத்துட்டு இருக்காது."

"பேர் இல்லாத பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்களாம்மா?" என்று அகராதியார் கேட்டார்.

"சேர்க்க மாட்டாங்க. ஆனா பசிச்சா அழும் மாமா."

அகராதியாரின் மனைவி இரண்டு பேர் தட்டிலும் குழம்பை ஊற்றிவிட்டு, "இவர் பேர் வைக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்," என்றாள். மருமகள் சிரித்துவிட்டாள். அகராதியார் பாதிச் சோற்றோடு எழுந்தார். இவர்களுக்கு மொழியின் அருமை தெரியவில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் கை கழுவும்போது, அவள் குழுவின் முன் நின்று சொன்ன 'தூக்கும், இறக்கும்' என்ற இரண்டு சொற்களும் அவர் காதில் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டும் சுத்தமான தமிழ்ச் சொற்கள் என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

மழை வந்தது. திறப்பு விழாவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருமகள் அவரைக் குடையோடு அழைத்துப் போனாள். கூட்ட அரங்கின் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அகராதியார் சுட்டுவிரலை வைத்தார். விரல் உள்ளே போனது. நடுவில் தரை தொந்தி போட்டிருந்தது.

ஒப்பந்தக்காரர் ஓடிவந்தார். "புதுச் சுவர்னா கொஞ்சம் சிரிக்கும் ஐயா. வெள்ளை அடிச்சா வாயை மூடிக்கும்."

அகராதியார் சன்னல் வழியே பார்த்தார். பக்கத்து மனையில் புதிதாக ஒரு வீடு நின்றது. அதே கறுப்பு மண், அதே மழை. ஆனால் மயிரிழை அளவுகூட விரிசல் இல்லை. அது யார் வீடு என்று கேட்டார்.

"நம்ம செயலாளர் ஐயா வீடுதான். நாமதான் கட்டினோம்," என்றார் ஒப்பந்தக்காரர் பெருமையாக.

"அது ஏன் வெடிக்கல?"

"அதுக்கு ஆழமா தூண் இறக்கியிருக்குல்ல. அம்மாவோட அறிக்கைப்படி அப்படியே போட்டோம். நல்ல அறிக்கைங்க அது." பிறகு, கேட்கப்படாத கேள்விக்கும் தாமாகவே விடை சொன்னார்: "சொந்த வீட்டுக்கு ஏழாம் விதி கிடையாதே ஐயா."

வெளியே வந்ததும் மருமகள் குடையை மாமனார் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். தம் வாழ்நாளில் ஒரு சொல்லும் அகப்படாமல் அவர் தவித்தது அன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, தற்காலிகமாக அயற்சொல்லையே ஏற்றுக்கொண்டு அறிக்கையை உடனே நடவடிக்கைக்கு எடுக்கலாம் என்று முன்மொழிந்தார். அறை அதிர்ந்தது. பேராசிரியர் கண் கலங்க எழுந்து, ஏழாம் விதியை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, இதை எழுதிய மேதையின் தொலைநோக்கை நாம் காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார். குழு காட்டிக்கொடுக்க மறுத்தது. அகராதியாரின் தீர்மானம் அகராதியாரின் விதியால் தோற்றது. செயலாளர் அவருக்கு ஒரு முந்திரிப்பருப்பு எடுத்துக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் உடனே. அவர் வீட்டில் ஒரு தட்டில் அந்தக் காய்ந்த மண்ணைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தட்டை எடுத்ததற்காக மனைவி திட்டியது அவர் காதில் விழவில்லை. மண் மெல்ல மெல்லத் தட்டின் ஓரத்தை நோக்கி விரிந்தது. பார்க்கப் பார்க்க அது அவருக்கு அழகாகக்கூட இருந்தது. அப்போதுதான் சொல் வந்தது. விரிகளி. விரிகிற களிமண். அவர் அதை மெதுவாக ஒருமுறை சொன்னார். பிறகு மனைவியிடம் சொன்னார். பிறகு மருமகளிடம். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா," என்றாள். நாற்பது ஆண்டு அலுவலகத்தில் கிடைக்காத ஒன்று அந்த மூன்று வார்த்தையில் அவருக்குக் கிடைத்தது.

குழுவில் வழக்கம்போல் விவாதம் நடந்தது. களி என்றால் மகிழ்ச்சி என்றும் பொருள், 'விரிகளி' என்றால் பெருகும் மகிழ்ச்சி என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று பேராசிரியர் எதிர்த்தார். அதனால்தான் வேண்டும் என்று கவிஞர் அழுதார். இறுதி ஒப்புதலைப் புதிய மாளிகையின் திறப்பு விழா அன்று, புதிய அரங்கில், மாண்புமிகு விருந்தினர் முன்னிலையில் தரலாம் என்று ஒத்திவைத்தார்கள். அரங்கை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அகராதியார் மன்றாடினார். அதற்கான காரணம் நிறுத்திவைக்கப்பட்ட அறிக்கையில் இருந்ததால் அந்தக் காரணமும் நிறுத்திவைக்கப்பட்டது.

விழா நாளில் அடைமழை. விரிசல் மேல் மாண்புமிகுவின் ஆளுயரப் படத்தை மாட்டியிருந்தார்கள். அவர் நாடாவை வெட்டினார். குழுவினர் பின்தொடர உள்ளே போனார். சாரல் அடிக்கிறதே என்று தேக்குக் கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். தரை எழும்பிக் கதவின் அடியைக் கவ்விக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கதவுக்குப் புகழுரைகூட வாசித்தார்கள். அசையவில்லை. கூரையிலிருந்து காரை உதிர்ந்து மாண்புமிகுவின் தேநீரில் விழுந்தது. படம் நடுவில் கிழிந்து, மாண்புமிகு இரண்டானார்.

அகராதியார் மேசை மேல் ஏறி நின்றார். "விரிகளி. ஒப்புதல் தர்றீங்களா, இல்லையா?"

விவாதமின்றி நிறைவேறிய ஆணையத்தின் முதல் தீர்மானம் அதுதான். கை தூக்கச் சொன்னபோது பயத்தில் பலர் இரண்டு கையையும் தூக்கியதால், இருந்தவர்களைவிட ஆதரவு வாக்குகள் அதிகம்.

அதற்குள் வெளியே மருமகள் பக்கத்து வீட்டில் ஓர் ஏணியை வாங்கிவந்து சன்னலில் சாய்த்திருந்தாள். முதலில் சன்னல் வழியே தலை நீட்டியவர் செயலாளர். "அம்மா, உங்க அறிக்கை நடவடிக்கைக்கு எடுத்தாச்சு," என்று மூச்சிரைக்க அறிவித்தார்.

"ரொம்ப நன்றிங்க. காலை ஏணியில வைங்க," என்றாள் அவள்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அகராதியார் கடைசியாக இறங்கினார். அவர் கால் தரையைத் தொட்டபோது மருமகள் ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ பெரிதாக விழுந்த ஓசை கேட்டது. யாருக்கும் காயமில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, யார் மேல் பழி என்ற முக்கியமான பணி தொடங்கியது.

விசாரணை அதிகாரி வந்தார். செயலாளர் குற்றச்சாட்டை அழகு தமிழில் தயாரித்திருந்தார்: 'மண் ஆய்வு அலுவலர், எவருக்கும் பொருள் விளங்காத சொல்லைக் கையாண்டதன் மூலம் வரவிருந்த ஆபத்தை மறைத்தார்.' நிரூபணமானால் வேலை போய்விடும். சாட்சி அகராதியார். அறிக்கை வந்த அன்று அந்தச் சொல்லுக்கு ஒப்புதல் பெற்ற பொருள் இருந்ததா என்பது ஒன்றே கேள்வி. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதுவே உண்மையும்கூட. தலைவர் பதவி நீட்டிப்புக் கோப்பு மேசையில்தான் இருக்கிறது என்று செயலாளர் காதோடு சொல்லிவைத்தார்.

அகராதியார் எழுந்தார். வழக்கமாக மேடையில் வருகிற இலக்கண நடை அன்று வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சே வந்தது.

"சொல்லுக்குத் தமிழ் இல்லாம இருந்தது. பொருள் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. இந்தப் பொண்ணு எங்க முன்னாடி நின்னு, உப்பும், தூக்கும், தாங்காதுன்னு சொன்னா. இதுல எது புரியல? செயலாளருக்குப் புரிஞ்சிருக்கு. அவர் வீடு நிக்குது, போய்ப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "விதிய எழுதினது நான். தப்பு அவமேல இல்ல."

வெளியே வந்ததும் அவர் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோ, "மாமா, பஸ் வருது, கொஞ்சம் வேகமா நடங்க," என்றாள். பேருந்தில் அவருக்குச் சன்னலோர இருக்கையைக் கொடுத்தாள்.

விசாரணையின் முடிவு நீதி வரலாற்றில் பொறிக்கத் தக்கது. மருமகள் குற்றமற்றவள். செயலாளரும் குற்றமற்றவர், சொந்த வீட்டை உறுதியாகக் கட்டுவது குற்றம் என்று எந்த விதியிலும் இல்லை. ஒப்பந்தக்காரர் ஆணைப்படி நடந்தவர். முழுக் குற்றமும் மண்ணையே சேரும் என்று அதிகாரி எழுதி, மண்ணுக்குக் கடும் கண்டனம் தெரிவித்தார். மாளிகையை இடித்துவிட்டு, மருமகளின் அறிக்கைப்படி ஆழத் தூண் இறக்கி, இரு மடங்கு செலவில் மறுபடி கட்ட உத்தரவானது. அந்த மண்ணில் தூண் இறக்கிய முன்அனுபவம் அதே ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே இருந்ததால் பணி அவருக்கே போனது. செயலாளருக்குப் பதவி உயர்வு. பேராசிரியர் தலைவரானார்.

அகராதியார் வாழ்த்துரைகளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் தாமதமாக எழுந்தார். மனைவிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். மருமகள் வேலையிலிருந்து வந்து மண்களின் கதையைச் சொன்னால், ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் கேட்டார். 'விரிகளி' மட்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கட்டட மேஸ்திரிகள்கூடச் சொன்னார்கள்.

ஆணையத்துக்காக அவர் செய்துகொண்டிருந்த ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. பொது அகராதியில் ககர வரிசை. அதை வீட்டிலிருந்தே முடித்து, 'களி' என்ற சொல்லுக்கு இப்படி எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார்:

'களி: ஒன்று, ஈரத்தில் குழையும் மண். வழக்கு: மாளிகையைக் களியின் மேல் கட்டினர். இரண்டு, பெருமகிழ்ச்சி. வழக்கு: மாளிகை விழுந்ததும் செயலாளரும் ஒப்பந்தக்காரரும் களியில் திளைத்தனர். மூன்று, சிறையில் கம்பி எண்ணுவோர் தின்பது.'

மெய்ப்பு பார்க்கிறவர் கவனமானவர். தொலைபேசியில் அழைத்து, ஒன்றுக்கும் இரண்டுக்கும் வழக்கு இருக்கிறது, மூன்றாவதற்கு மட்டும் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டார்.

"விட்டுப்போகலப்பா," என்றார் அகராதியார். "பொருள் இருக்கு. அதுக்குரிய ஆளுங்களும் இருக்காங்க. வழக்குதான் இன்னும் யாரும் போடல."